எடைமாற்றமா, பாரப்பெயர்ச்சியா? நீரிறக்கைப் பலகைக்கான சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

பட்டம் இழுக்க நீரில் ஓடும் பலகைக்கு (கைட்போர்டு, நம் 'பட்டப்பலகை') அடியில் நீரிறக்கை பூட்டி ஓட்டும் விளையாட்டுக்காக இங்கே முன்வைக்கப்பட்ட சொற்கள் இவை:

> அப்விண்ட் = மேல்காற்று
> லீன் பேக் = பின்சாய்வு
> வெயிட் ஷிஃப்ட் = எடைமாற்றம்

பலகையை நீருக்கு மேலே தூக்கும் அடியிறக்கையான ஹைட்ரோஃபாயிலுக்கு 'நீரிறக்கை' என்று போன வாரம் முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மேலே உள்ள மூன்றையும் ஏற்க மனம் வரவில்லை.

முதலில் 'மேல்காற்று'. கடற்கரையில் இதைச் சொன்னால் மேற்கிலிருந்து வரும் காற்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'எதிர்காற்று' என்பதும் சரிவராது. பட்டப்பலகையில் யாரும் காற்றுக்கு நேர் எதிரே போவதில்லை, குறுக்காகச் சாய்த்து ஏறுகிறோம். 'காற்றேற்றம்' என்று நானே ஒரு சொல் யோசித்தேன், அது டியூபுக்குக் காற்றடிப்பதுபோல் ஒலிக்கிறது. 'காற்றுமுகம்' என்று வைக்கலாமா? காற்று வரும் திசை, அவ்வளவுதான். கழிமுகம், துறைமுகம் என்று இந்த 'முகம்' கடலோரத்தில் ஏற்கெனவே பழகியது. எதிர்ச்சொல்லைத் தேடவே வேண்டாம்: 'காற்றுவாக்கு'. காற்றுவாக்கில் காதில் விழுந்த செய்தி என்கிறோமே, அதே சொல்.

என் பெரிய கவலை 'பின்சாய்வு' பற்றியது. இலங்கையின் கற்பிட்டியில் சோளகக் காற்றில் (தென்மேற்குப் பருவக்காற்றில்) பழகியபோது, "பின்னால் சாய்" என்று சொன்னதைக் கேட்டு நான் பலகையின் வால் பக்கம் சாய்ந்தேன். பாரம் பின்காலுக்குப் போனது. முன்னிறக்கை மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரை விட்டு வெளியே வந்தது. வெளியே வந்த இறக்கைக்கு ஏது தூக்குவிசை? பலகையோடு விழுந்தேன். அன்று இப்படியே பல முறை. சாதாரணப் பட்டப்பலகையில் பின்காலை ஊன்றி விளிம்பை நீரில் வெட்டினால் காற்றுமுகமாக ஏறலாம். நீரிறக்கையில் அந்தப் பழக்கமே ஆளைக் கவிழ்க்கிறது.

இங்கே உடல் சாய வேண்டியது வாலை நோக்கி அல்ல, காற்றை நோக்கி. குதிகால் பக்கம் பலகை சாயும்போது நீருக்கடியில் இறக்கையும் சேர்ந்து சாய்கிறது. அதன் தூக்குவிசையில் ஒரு பங்கு பட்டத்தின் இழுப்புக்கு எதிராக, காற்றுமுகமாக நம்மைத் தள்ளுகிறது. ஆகவே 'காற்றுமுகச் சாய்வு' என்றே சொல்லிவிடலாம். சொல் நீளம்தான், ஆனால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. இடுப்பை மடித்து நாற்காலியில் உட்காருவதுபோல் சாய்வதையும் இதோடு சேர்க்கக் கூடாது. இடுப்பு முன்தள்ளி, தோள் காற்றின் பக்கம் விழுந்து, உடல் ஒரே கோடாக நிற்க வேண்டும்.

அப்புறம் 'எடைமாற்றம்'. படித்ததும் உடல் இளைத்ததுதான் நினைவுக்கு வருகிறது. இங்கே எடை மாறவில்லை, பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு இடம் பெயர்கிறது. 'பாரப்பெயர்ச்சி' என்பது என் முன்மொழிவு. வேகம் இரண்டு மடங்கானால், இறக்கை அதே கோணத்தில் இருக்கும்வரை தூக்குவிசை நான்கு மடங்காகும். அதனால் வேகம் ஏற ஏற முன்காலில் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். காற்றின் இரைச்சலில் கத்திச் சொல்லவும் "முன்காலில் பாரம்!" என்பது போதும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீரிறக்கை பூட்டிய பட்டப்பலகைப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. மார்செய் கடலில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வென்றார். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டுக்கு வந்த பதக்கம் அது. அவர் பலகைமேல் என்ன செய்தார் என்பதைத் தமிழில் விவரிக்க முடிய வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. பாக் நீரிணையின் பழைய பாய்வள்ளங்களில் காற்று வரும் பக்கம் ஒரு பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்து வள்ளம் கவிழாமல் பார்த்துக்கொண்டார்கள். நாம் பேசும் அதே வேலை. அப்படி ஏறி உட்காருவதற்கு அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு வினைச்சொல் இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் பாய் விரித்து ஓடிய பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். கிடைத்தால் 'காற்றுமுகச் சாய்வை' எடுத்துவிட்டு அதையே வைக்கலாம்.