ஈ டிரைவ் மட்டும் ஃபார்மேட் கேட்கிறது, சியும் டியும் தப்புமா?

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கணினியில் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். சி, டி, ஈ என்று மூன்று பார்ட்டிஷன். விண்டோஸ் 10. கொஞ்ச நாளாக ஈயைத் திறந்தாலே கணினி அப்படியே நின்றுவிடும். இப்போது ‘ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) என்று இருந்த இடத்தில் ‘ரா’ (எந்த முறை என்று தெரியவில்லை) என்று வருகிறது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். சி, டி இரண்டும் திறக்கின்றன. கெட்டது ஈ மட்டும்தானா? தெரிந்தவர் ஒருவர் விண்டோஸின் பிழை திருத்தும் நிரலான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்கிறார். ஓட்டலாமா?

பதில் 1:
ஃபார்மேட்டும் வேண்டாம், செக்டிஸ்க்கும் வேண்டாம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது ஃபைல்களை அடுக்கிய ஏற்பாட்டைத்தான் சீர்செய்யும். டிஸ்க்கே பழுதாகியிருந்தால், படிக்க முடியாத ஃபைல்களின் விவரத்தை நீக்கிவிட்டுக்கூட வேலையை முடித்துவிடும். முதலில் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில், பழுதைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய வரிகளைப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறதா?

கேட்டவர்:
சத்தம் இல்லை. 05-இல் 40, சி5-இல் 312, சி6-இல் 298.

பதில் 2:
ஈ மட்டும் கெடவில்லை, டிஸ்க்தான் கெட்டுக்கொண்டிருக்கிறது. சி5 என்பது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு துண்டுகளின்) கணக்கு. பார்ட்டிஷன் என்பது எந்த செக்டரிலிருந்து எந்த செக்டர் வரை என்ற குறிப்பு மட்டுமே, சுவர் எழுப்பிய அறை அல்ல. மூன்றுக்கும் ஒரே மோட்டார், அதே ஹெட்கள் (தகவலைப் படித்து எழுதும் முனைகள்).

ஈயின் தொடக்கத்தில் அதன் அமைப்பைச் சொல்லும் பூட் செக்டரோ, ஃபைல்களின் பட்டியலான எம்எஃப்டியோ படிக்கவில்லை என்றால் மொத்தமும் ‘ரா’ ஆகிவிடும். படங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே பழுது ஒரு வீடியோவின் நடுவில் விழுந்திருந்தால் அந்த ஒரு வீடியோவோடு போயிருக்கும். ஹெட் போனால் நிலைமை வேறு: தகவல் தட்டுகளின் எல்லாப் பரப்புகளிலும் மாறி மாறி எழுதப்படுவதால் சி, டி, ஈ மூன்றிலும் இடையிடையே ஓட்டை விழும்.

இனி அந்த டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் தொடங்க வேண்டாம். டிஸ்க்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் முழு டிஸ்க்கையும் 2 டெராபைட் டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். மேப் ஃபைல் (எதுவரை நகலானது என்ற குறிப்பு) கட்டாயம் கொடுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் பழைய டிஸ்க் முதலில், புதியது அடுத்து. மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போச்சு. முதல் சுற்றில் மக்கர் செய்யும் இடங்களைத் தாண்டவிட்டு, அப்புறம் அவற்றுக்குத் திரும்புங்கள். மீட்பு வேலை எல்லாம் நகலில்தான். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரல் அதைக் கொண்டு சரிசெய்யும்.

பதில் 3:
நகலெடுக்கும்போது சத்தம் தொடங்கினால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். ஹெட் தட்டைக் கீறிவிட்டால் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் அந்தப் பகுதி கிடைக்காது.

கேட்டவர்:
மிக்க நன்றி! நகல் முடிந்தது. டெஸ்ட்டிஸ்க்கில் பூட் செக்டரை மீட்டதும் ஈ திறந்துவிட்டது. சில வீடியோக்கள் பாதியில் நிற்கின்றன, படங்கள் வந்துவிட்டன. பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து படங்கள் இல்லாத வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா?

பதில் 2:
நல்ல செய்தி! பழையது வேண்டாம். முழு ஃபார்மேட் செய்தால் கெட்ட செக்டர்களுக்குப் பதில் உபரி செக்டர்கள் வந்து சி5 பூஜ்யமாகக்கூட ஆகும். குணமானது போலத் தெரியும், ஆனால் அப்படி மாற்றப்பட்ட செக்டர்களின் கணக்கான 05 ஏறியிருக்கும். இன்னொன்று: புது டிஸ்க்கிலும் ஈயில் இருப்பதை டியில் நகல் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வெளியே தனி டிஸ்க் ஒன்றில் வையுங்கள்.