கண்டிகோட்டா: காரில்லாமல் சென்னையிலிருந்து எப்படிப் போவது?

கேள்வி (பெரம்பூர்வாசி): சனி, ஞாயிறில் ஆந்திராவில் இருக்கிற கண்டிகோட்டா கோட்டையையும், அதை ஒட்டிய பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கையும் பார்க்கணும். ரயிலில் எங்கே இறங்கணும்? சாப்பாடு, தண்ணி கிடைக்குமா?

மலைக்குருவி: மும்பை பாதையில் கடப்பாவில் இறங்குங்க. அங்கிருந்து ஜம்மலமடுகுக்குப் பஸ். அதுக்கப்புறம் கோட்டைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். ஊர்ப் பஸ்ஸை நம்பினா பொழுது போயிடும். ஷேர் ஆட்டோகிட்ட திரும்பி வரவும் பேசி வெச்சுக்குங்க. ரொக்கப் பணம், மருந்து எல்லாம் ஜம்மலமடுகிலேயே எடுத்து வெச்சுக்குங்க. கோட்டைக்குள்ள இருக்கிறது சின்ன கிராமம், கடைகள் சீக்கிரம் மூடிடும். ஆந்திர சுற்றுலாத்துறையின் ஹரிதா விடுதியில் முன்பதிவு செய்யாமப் போகாதீங்க.

கல்வெட்டு: பள்ளத்தாக்குப் பாறையைச் சிவப்புக் கிரானைட்னு எல்லாரும் எழுதறாங்க, தப்பு. அது குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகி உருவான கடினமான பாறை. அதான் சதுரம் சதுரமா, அடுக்கி வெச்ச மாதிரி பிளந்து நிக்குது. விளிம்பில் சில பாறைத் துண்டுகள் அடியில் பிடிப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். படம் எடுக்கிறவங்க அதில்தான் ஏறுறாங்க. மிதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காலால அழுத்திப் பாருங்க, ஆடினா விலகிடுங்க. செருப்பு வேண்டாம், ஷூ. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணி. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், பகலில் 40 டிகிரி தாண்டும்.

பெரம்பூர்வாசி: ஆத்துல இறங்கலாமா?

மலைக்குருவி: வேண்டாம். ஆத்தோட கீழ்ப்பக்கம் மைலவரம் அணை இருக்கு, அதனால நீர்மட்டம் ஏறி இறங்கும். கோட்டைக்குள்ள மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் கிடங்கு பார்க்கவே அரை நாள் ஆகும்.