ராத்திரி ரெண்டு மணிக்கு அரிசி மென்ற அம்மா: வீட்டுப் பெரியவர்களின் ரத்தசோகை, உங்கள் அனுபவம் என்ன?

மங்கை_திருச்சி
அம்மாவுக்கு 71 வயது. ஹீமோகுளோபின் 6.4 என்று தெரிந்தது போன ஐப்பசியில். எனக்கு உறுத்துவது அந்த எண் இல்லை. அதற்கு நாலு மாதம் முன்பிருந்தே அம்மா பச்சரிசி தின்றுகொண்டிருந்தார். கேட்டால் "சும்மா, வாய்க்கு" என்பார். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படியில் இருட்டில், அரிசி டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நறநறவென்று மென்றுகொண்டிருந்தார். விளக்கைப் போட்டதும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "பல்லு போயிடும்மா, சின்னப் பிள்ளையா நீங்க?" என்று திட்டிவிட்டேன்.

டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். ரேகைகூட வெளுத்திருந்தது. "அரிசி, சாம்பல், ஐஸ் கட்டி ஏதாவது தின்கிறாங்களா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இரும்புச்சத்து குறைந்தால் அப்படி ஒரு ஆசை வருமாம். ட்ரிப்ஸில் இரும்பு ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் டின் பக்கம் போவதையே விட்டுவிட்டார். மறைத்துக்கொண்ட அந்தக் கைதான் எனக்கு மறக்கவில்லை.

செல்வம்_தேனி
அப்பா, 74. முதலில் 9.1 இருந்தது. பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம், மாதுளை என்று ராஜ கவனிப்பு. கூடவே சத்து மாத்திரை. மூணு மாதம் கழித்துப் பார்த்தால் 8.2!

நடுவில் ஒரு நாள் "டேய், கறுப்பா போகுதுடா" என்றார். "சத்து மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்ப்பா" என்றேன். அது உண்மைதான், மாத்திரையால் கறுக்கும். ஆனால் அப்பாவுக்குப் போனது தார் மாதிரி, பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு. நான் அதை விசாரிக்கவே இல்லை. ஒரு வாரத்தில் கக்கூஸ் வாசலில் மயங்கி விழுந்தார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண். முட்டி வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வருஷக்கணக்காக வாங்கிப் போட்ட மாத்திரை, அதோடு இதயத்துக்கு ஆஸ்பிரின். ஒரு பக்கம் நாங்கள் ஊற்ற ஊற்ற, இன்னொரு பக்கம் ஒழுகியிருக்கிறது. சாப்பாட்டால் ரத்தம் ஊறும் என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கீரைக்காரி
செல்வம் தம்பி, அப்பா நல்லா இருக்கட்டும். ஆனால் சாப்பாட்டை அப்படி ஒதுக்காதீர்கள். எங்கள் அத்தைக்கு 80. மாமா போன பிறகு ஊரில் தனியாக இருந்தார். போனில் கேட்டால் "சாப்பிட்டேன்மா" என்பார். ஒரு நாள் சொல்லாமல் போய் நின்றேன். அடுப்பில் ஒரே ஒரு சட்டி, அதில் முந்தாநாள் ரசம். காய் இல்லை, பருப்பு இல்லை. பல் இல்லாததால் மெல்ல முடியாமல் ரசம் சோறு, டீ, பிஸ்கட் என்றே ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறார். அவருக்கு வேறெங்கும் ஒழுகவில்லை. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. கூட்டிவந்து, மாத்திரையோடு முருங்கைக்கீரையை மசித்து, முட்டையை உடைத்து ஊற்றி, வாரம் ஒருநாள் சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரல்) பொடியாக நறுக்கி வதக்கிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் 11 தாண்டிவிட்டது.

லேப்_ராமன்
நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 30 வருஷம் வேலை பார்த்தவன். என் அண்ணிக்கு 10.2 வந்தபோது "வயசானா அப்படித்தான்" என்று நானே சொன்னேன். பிறகு பார்த்தால் சிறுநீரகக் கோளாறு. சிறுநீரகம்தான் ரத்தம் ஊறத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது குறைந்தால் எத்தனை கீரை தின்றாலும் ஏறாது. என் கதை அவ்வளவுதான், யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 70 வயது ஆனதற்காக இதில் சலுகை கிடையாது. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினோடு எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். 80க்குக் கீழே என்றால் சிவப்பணு சிறுத்திருக்கிறது, பெரும்பாலும் இரும்புக் குறைவு. 100க்கு மேலே என்றால் பெருத்திருக்கிறது, பி12, ஃபோலிக் அமிலம் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் பார்த்தால் உடம்பில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று தெரியும். பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். கீரை மேல் எலுமிச்சை பிழியுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள். அளவு நார்மலுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும், டாக்டர் சொல்லும்வரை விடாதீர்கள். வயதானவருக்கு இரும்பு குறைந்தால் குடலையும் ஒரு தரம் பார்த்துவிடச் சொல்லுங்கள். புற்றுநோய்கூட முதலில் இப்படித்தான் தலைகாட்டும்.

சேலம்_பாலு
ராமன் சார் பி12 பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். பெரியப்பா சுத்த சைவம். 15 வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். சோர்வுக்கு யாரோ சொல்லி ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போட்டார், ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறியது, நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஒரு நாள் கோவிலிலிருந்து நடந்து வந்தார். இடது காலில் செருப்பு, வலது கால் வெறும் கால். சித்திரை வெயில், தார் ரோடு. "இன்னொரு செருப்பு எங்க பெரியப்பா?" என்றதும் குனிந்து பார்த்தார். கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

சர்க்கரையாலும் இருக்கலாம் என்றார்கள், ஆனால் பி12 அடிமட்டத்தில் கிடந்தது. சைவச் சாப்பாடு, மெட்ஃபார்மின் ரெண்டுமே அதைக் குறைக்கலாமாம். ஃபோலிக் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறும், நரம்பு கெடுவது நிற்காதாம். பி12க்கான அந்தச் சிவப்பு ஊசி இப்போது மாதாமாதம் போடுகிறோம். நாக்கு எரிச்சல் போய்விட்டது. பாதத்தில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை.

செல்வம்_தேனி
கீரைக்காரி அக்கா, கோபத்தில் எழுதிவிட்டேன். அப்பாவுக்குப் புண் ஆறி 11.8 வந்தது. நாளைக்கே சுவரொட்டி வாங்குகிறேன்.

மங்கை_திருச்சி
ராமன் சார், அம்மா காலை டிபன் முடிந்ததும் காபி குடிப்பார், நாற்பது வருஷப் பழக்கம். நேற்று பத்தரை மணிக்குத் தள்ளிவைத்தேன். ஒன்பதரைக்கே டம்ளரைக் கழுவி மேடையில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை நான் திட்டவில்லை, கூடவே உட்கார்ந்துகொண்டேன்.