வாசிப்புக் குழுவில் நான் மாட்டிக்கொண்ட மாலை

வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து நிறவெறி பற்றிப் பேசியிருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். பேசியிருக்கிறேன், கொஞ்சம் கூடுதலாகவே.

பிலடெல்பியாவிலிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால் எங்கள் ஊர், நியூஜெர்சி. நூலகத்தில் மாதம் ஒரு புதன்கிழமை பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவோம். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ஓய்வு பெற்ற கறுப்பின நர்ஸ் ஒருவர், அப்புறம் நான். அந்த மாதம் கைலி ரீட் எழுதிய ‘சச் எ ஃபன் ஏஜ்’. 2019 டிசம்பர் 31 அன்று வெளிவந்து, அடுத்த வருடம் புக்கர் நெடும்பட்டியல் வரை போன நாவல். கதை நடப்பது பிலடெல்பியாவில் என்பதாலோ என்னவோ எல்லாரும் முழுசாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள் (எங்கள் குழுவில் இது அபூர்வம்).

படிக்காதவர்களுக்கு: எமிரா 25 வயதுக் கறுப்பினப் பெண், அலீக்ஸ் என்கிற வசதியான வெள்ளைக்காரியின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு ராத்திரி அவர்கள் வீட்டு ஜன்னலில் யாரோ முட்டை அடித்துவிட, போலீஸ் வருகிற நேரத்தில் குழந்தை அங்கே வேண்டாம் என்று, பிறந்தநாள் பார்ட்டியில் இருந்த எமிராவுக்குப் போன் போட்டு, குழந்தையை மளிகைக் கடைப் பக்கம் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். கடையில் செக்யூரிட்டி அவளை மறித்து, யார் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாய் என்கிற ரேஞ்சில் விசாரிக்கிறான், ஒருவன் வீடியோ எடுக்கிறான், குழந்தையின் அப்பா ஓடிவந்த பிறகுதான் விடுகிறார்கள். அதற்கப்புறம் அலீக்ஸுக்கு எமிராமேல் பொங்குகிற பாசம் இருக்கிறதே, அவள் போனை வைத்துவிட்டு நகர்ந்தால் திரையில் என்ன மெசேஜ் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பாசம்.

எங்கள் குழுவில் முதல் முக்கால் மணி நேரம் ஒரே கேள்விதான். அலீக்ஸ் கெட்டவளா, இல்லை பாவமா? ஏதோ ஜாமீன் விசாரணை மாதிரி. பேசி முடித்த ஒவ்வொருவரும் நர்ஸம்மா முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள், தலையாட்டுகிறாரா என்று. அவர் பிஸ்கட்டை உடைத்து உடைத்து நாப்கின்மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார், ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. நான் என் பங்குக்கு, துணிக்கடையில் ஒருத்தி என் பின்னாடியே சுற்றிய கதையை எடுத்துவிட்டேன். எல்லாரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, பாதிக்கப்பட்டவர்கள் வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டதே.

கடைசியில் யாரோ நேரடியாகவே கேட்டுவிட, நர்ஸம்மா சொன்னது இதுதான். கடைக் காட்சி தனக்குப் புதிது இல்லையாம், வரும் என்று எதிர்பார்த்துத்தான் படித்தாராம். தன் 26ஆவது பிறந்தநாளை எமிரா நினைத்து நினைத்துப் பயப்படுகிறாளே, அங்கேதான் புத்தகத்தை மூடி வைத்தாராம். 2010இல் வந்த சட்டப்படி அப்பா அம்மாவின் மருத்துவ இன்ஷூரன்ஸில் பிள்ளைகள் 26 வயது வரைதான் ஒட்டிக்கொள்ள முடியும், அதற்குள் இன்ஷூரன்ஸோடு ஒரு வேலை அமைய வேண்டும். “என் பொண்ணுக்கு இப்போ இருபத்தஞ்சு. அலீக்ஸுக்கு எமிரா என்ன பாட்டுக் கேட்கிறாள்னு தெரியுது. முழுநேர வேலை, இன்ஷூரன்ஸ்னு பேச்சு வர எத்தனை பக்கம் ஆகுது, எண்ணிப் பாருங்க” என்றார். யாரும் எண்ணவில்லை. அடுத்த மாதப் புத்தகம் எது என்று பேச்சு மாறிவிட்டது.

காரில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் ஒரு காலேஜ் பெண் மகளைப் பார்த்துக்கொண்டாள், கறுப்பினப் பெண்தான். “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி” என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், டப்பாவில் சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பனி கொட்டுகிற நாட்களில் காலை ஆறு மணிக்கு, ‘இன்று வர வேண்டாம், ஜாக்கிரதை’ என்று இதயப் படம் போட்டு மெசேஜ் அனுப்புவேன். அந்த நாட்களுக்குக் காசு கொடுத்ததில்லை. நானோ பைஜாமாவோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்து முழுச் சம்பளம் வாங்கினேன்.

*

டொராண்டோவிலிருந்து ஒரு பதில்:

நாங்கள் ஸ்கார்பரோவில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், டேவிட் சாரியாண்டியின் ‘பிரதர்’ வாசித்தோம். 2017இல் வந்த நாவல், கதை எங்கட ஸ்கார்பரோதான். ட்ரினிடாடில இருந்து வந்து, மாறி மாறி வேலைக்கு ஓடி இரண்டு பெடியன்களை வளர்க்கிற தாய், 1991 கோடையில் மூத்தவனைப் பொலிஸ் சுட்டுவிடும். வாசித்து அழுதோம், உண்மையாக. பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் வந்த புதிதில் செய்த இரவு வேலை, நிலவறை வாடகை, அவமானம் எல்லாம் சொன்னார்கள், அந்தத் தாய் எங்கட அம்மாதான் என்று முடித்தோம். வீட்டுக்கு வந்து மகனிடம் இதைச் சொன்னால் அவன் கேட்கிறான், “அம்மா, நீங்கள் வீட்டில் சொல்லுற அந்தச் சொல்லை அங்கே ஆரும் சொன்னவையோ?” ‘கறுவல்’. கனடாத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவைக்குச் சொன்னால், கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லுற சொல். அவன்ர கூட்டாளி வாசலில் நிற்கும்போதே நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அவனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்.

*

டாலஸிலிருந்து இன்னொரு பதில்:

நாங்கள் நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் ‘அமெரிக்கானா’ நாவல் படித்தோம். அதிலும் குழந்தை பார்க்கிற வேலை வருகிறது. கார்ப்பெட் சுத்தம் செய்ய வந்தவன் கதவைத் திறந்த நைஜீரியப் பெண்ணை வீட்டுக்காரி என்று நினைத்து முறைக்கிறான், வேலைக்காரி என்று தெரிந்ததும் சிரிக்கிறான். உடனே எங்கள் கும்பலில் எல்லாரிடமும் ஒரு ‘ஓனர் இருக்காங்களா’ கதை இருந்தது. வீடு வாங்கும்போது ஏஜென்டிடம் எந்த ஏரியா வேண்டாம் என்று சொன்னோம், ஸ்கூல் ரேட்டிங் பத்துக்கு ஒன்பதுக்குக் குறையக் கூடாது என்று எதற்காக அடம்பிடித்தோம் என்கிற கதை மட்டும் யாரிடமும் இல்லை. அதைக் கேட்டால் உடனே “நம்ம ஊர்ல சாதி இல்லையா” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் கேட்டது டாலஸைப் பற்றி.

அதிருக்கட்டும், முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்தப் பனிநாள் காசைக் கொடுத்துவிட்டீர்களா?

*

முதலில் எழுதியவள்:

இன்னும் இல்லை. காலண்டரைப் பார்த்து எண்ணினேன், ஒன்பது நாள். அவள் நம்பரும் இருக்கிறது. பணத்தோடு இரண்டு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், அது நாலு பத்தி ஆயிற்று. நான் படித்த நாவல், நான் வருத்தப்பட்ட விதம், நான் எவ்வளவு மாறிவிட்டேன் என்று ஒரே நான், நான். அலீக்ஸ் எழுதியது மாதிரியே இருந்தது. அழித்துவிட்டேன். ‘பனிநாள் பாக்கி, ஒன்பது நாள், தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று மட்டும் போட்டு நாளைக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். சாம்பார் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை.