கீபோர்டை புளூடூத் ஸ்பீக்கரில் வாசித்தால் சத்தம் பிந்தி வருகிறது; மார்கழி பஜனைக்கு இது உதவுமா?

பஜனைமடம்_கீபோர்டு:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கும்பகோணம் பக்கம். மார்கழி பிறந்தால் விடிகாலை 5 மணிக்கு எங்கள் பஜனைக் கோஷ்டி நான்கு வீதியும் சுற்றி வரும். ஹார்மோனியம் வாசித்த பெரியவருக்கு நடக்க முடியவில்லை, அதனால் இந்த வருஷம் என் கீபோர்டு. தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. கீபோர்டு பேட்டரியில் ஓடும். ஆனால் அதன் சொந்த ஸ்பீக்கர் ஜால்ராவுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் காணாமல் போய்விடுகிறது.

அதற்காகக் கோஷ்டிப் பணத்தில் கையில் தூக்கிப் போகிற புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினோம். பெட்டியில் 30 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. சிக்கல் இதுதான்:

கீபோர்டிலும் புளூடூத் இருக்கிறது, ஆனால் ஸ்பீக்கரோடு சேரவே மாட்டேன் என்கிறது. கடையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் கொடுத்தார்கள். அதை ஹெட்போன் ஓட்டையில் செருகினால் சத்தம் வருகிறது, ஆனால் கை வைத்த பிறகு தாமதமாக வருகிறது. விருத்தம் மாதிரி நிதானமாகப் போகிறவரை சமாளிக்கலாம். நாமாவளி துரிதமானதும் தாளம் சிதறுகிறது. இதே ஸ்பீக்கரில் போன் தம்புரா அருமையாகக் கேட்கிறது, யூடியூப்பில் பாடுகிறவர் உதடும் சரியாக ஒட்டுகிறது.

செட்டிங்கில் சரிசெய்ய முடியுமா? இல்லை, வாத்தியக்காரனுக்கு இந்த வகை ஸ்பீக்கரே ஆகாதா? இன்னும் 15,000 வரை கோஷ்டி கொடுக்கத் தயார். அது ஊரார் காணிக்கை, வீணாகக் கூடாது என்ற பயம் இருக்கிறது.

மைக்செட்_மன்னார்குடி:

தம்பி, கீபோர்டும் பழுதில்லை, ஸ்பீக்கரும் பழுதில்லை.

முதலில் சேராத விஷயம். புளூடூத்தில் ஒன்று அனுப்ப வேண்டும், ஒன்று வாங்க வேண்டும். உங்கள் ஸ்பீக்கர் வாங்குகிற பொருள். பெரும்பாலான கீபோர்டில் இருக்கிற புளூடூத்தும் வாங்குகிற பொருள்தான்: போனில் பாட்டைப் போட்டு கீபோர்டு ஸ்பீக்கரில் கேட்பதற்காக வைத்தது. சிலதில் மிடி மட்டும் போகும், அதில் சத்தமே கிடையாது, எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்கிற தகவல்தான். வாங்குகிற இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

தாமதம் செட்டிங்கில் போகாது. டிரான்ஸ்மிட்டர் சத்தத்தை எண்ணாக்கி, சுருக்கி, பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறது. புளூடூத் ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் நெரிசலாக ஓடுகிறது, அதனால் நடுவில் சிலது தொலையும், திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு அவகாசம் வேண்டும் என்று ஸ்பீக்கர் கொஞ்சம் சத்தத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும். சாதாரணமாக எல்லா ஸ்பீக்கரிலும் இருக்கிற எஸ்.பி.சி. என்கிற சுருக்கும் முறையில் இது 150 முதல் 250 மில்லி செகண்டு வரை ஆகும்.

200 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு செகண்டில் சுமார் 343 மீட்டர் போகும். கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி, வீதிக் கோடியில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு இங்கே நின்று வாசிக்கிற கணக்கு இது. நிமிஷத்துக்கு 80 தட்டு, தட்டுக்கு 4 ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பதே 187 மில்லி செகண்டு. நீங்கள் அடுத்த ஸ்வரத்துக்குப் போன பிறகுதான் முந்தைய ஸ்வரம் காதுக்கு வருகிறது. மிருதங்கக்காரர் எதைக் கேட்டு வாசிப்பார்?

யூடியூப்பில் உதடு ஒட்டுவதற்குக் காரணம், போன் படத்தையும் அதே அளவு நிறுத்தி வைத்துக் காட்டுகிறது. உங்கள் விரலை யாரும் நிறுத்தி வைக்க முடியாது.

ஸ்பீக்கர் பின்னால் 3.5 எம்.எம். ஆக்ஸ் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 100 ரூபாய் வயர் போதும். புது மாடல் நிறையவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். ஜே.பி.எல். ஃப்ளிப் 4-இல் இருந்தது, ஃப்ளிப் 5 முதல் இல்லை.

கோவை_கிடார்:

அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம். பிரச்சினை வயர் இல்லாததில் இல்லை, புளூடூத்தில் இருக்கிறது. கிடாருக்கு வரும் பாஸ் (Boss) கம்பெனியின் டபிள்யூ.எல்.-20 மாதிரி டிரான்ஸ்மிட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் தாமதம் 2.3 மில்லி செகண்டு. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே 3 மில்லி செகண்டு ஆகிவிடும், அதனால் இது காதுக்கே தெரியாது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றுக்கொன்று என்றே செய்யப்பட்டவை.

புளூடூத்திலேயே ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்று ஒன்று உண்டு, சுமார் 40 மில்லி செகண்டு. ஆனால் இரண்டு பக்கமும் அது இருந்தால்தான் வேலை செய்யும். டிரான்ஸ்மிட்டர் அட்டையில் மட்டும் அந்தப் பெயர் இருந்தால் பயனில்லை, ஸ்பீக்கருக்குத் தெரியாவிட்டால் இரண்டும் எஸ்.பி.சி.க்கு இறங்கிவிடும். அப்படியே கிடைத்தாலும் துரிதமாக வாசிக்கிறவனுக்கு 40-உம் உறுத்தும். நான் அதற்குப் பணம் போட மாட்டேன்.

வீணை_வகுப்பு:

தம்பி, இந்த ஸ்பீக்கரை விற்றுவிடாதீர்கள். பாட்டுக்காரர்களுக்கும் வகுப்பு எடுப்பவர்களுக்கும் இது பெரிய உதவி. தம்புராவுக்குத் தாளம் இல்லை, கால் செகண்டு பிந்தினால் என்ன? ரெக்கார்டிங்கைப் போட்டுக் கூட வாசிக்கும்போதும் தொல்லை இல்லை. வருகிற சத்தத்தைக் கேட்டுத்தானே நாம் வாசிக்கிறோம், வீணையின் நாதம் நேரே காதுக்கு வந்துவிடுகிறது. உங்கள் விரலின் ஒலியே புளூடூத் வழியாகச் சுற்றி வரும்போதுதான் கேடு.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். போனில் கரோக்கியை ஓடவிட்டு, புளூடூத்தில் கேட்டு, அதே ஆப்பில் குரலைப் பதிவு செய்தால், குரல் பின்தங்கியே பதிவாகும். குழந்தைகள் தாளம் தப்பிப் பாடியதாக நினைத்து அழுகிறார்கள். பதிவு செய்யும்போது வயர் ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள்.

இந்த ஸ்பீக்கரில் சுருதி இறங்கிவிடுகிறது என்று சில பெற்றோர் சொல்வார்கள். இறங்குவதில்லை. 5 கட்டை சுருதியில் ஆதார ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், தம்புராவின் மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி ஸ) 98 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கருக்கும் இது சுலபம். ஆண் குரலுக்கு 1 கட்டை வைத்தால் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், அங்கே சின்னப் பெட்டி மெலிந்துவிடுகிறது. அடித்தளம் இல்லாத தம்புரா மாதிரி தோன்றுவது அதனால்தான். பாஸ் பூஸ்டை (அடி ஒலியைத் தூக்கும் செட்டிங்) அணைத்து, ஒலியை முக்கால் அளவுக்கு மேல் ஏற்றாமல், ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வையுங்கள். தம்புராவின் ரீங்காரமான ஜீவாவும் தெளிவாகக் கேட்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு புளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்தால் பாட்டு நடுவில் அழைப்பு வந்து தம்புரா நிற்காது.

பஜனைமடம்_கீபோர்டு:

எல்லோருக்கும் நன்றி. ஆக்ஸ் இல்லை. போனை கீபோர்டு மேலேயே வைத்துப் பதிவு செய்து, கட்டை தட்டும் 'டக்' சத்தத்துக்கும் ஸ்பீக்கர் ஒலிக்கும் இடைவெளி பார்த்தேன். 200 மில்லி செகண்டை ஒட்டித்தான் வருகிறது. இந்த ஸ்பீக்கர், கோஷ்டியில் பாடுகிற அக்காவின் தம்புராவுக்குப் போகட்டும், வகுப்புக்கும் ஆகும்.

ஒத்திகைக்காக பஜனை மடத்து மைக் செட் மிக்சரில் வயர் போட்டுப் பார்த்தேன். தாமதம் சுத்தமாக இல்லை! ஆனால் பியானோ ஒலி தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒல்லியாக இருக்கிறது. ஹெட்போன் மாட்டினால் நன்றாக இருக்கிறதே, ஏன்?

மைக்செட்_மன்னார்குடி:

வயரின் இரண்டு முனையிலும் ஸ்டீரியோ பின் தானே? பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். அந்த வயரை மிக்சரின் ஒரே சானலில் போட்டிருப்பீர்கள். அந்த ஓட்டை பேலன்ஸ்டு. ஒரு கம்பியில் வருவதிலிருந்து மற்றதில் வருவதைக் கழித்து எடுக்கும். உங்கள் வயரில் ஒன்று இடது, மற்றது வலது. இரண்டிலும் பொதுவாக இருப்பதெல்லாம் கழிந்து போய்விடும், மிச்ச எச்சம்தான் ஒல்லியாகக் கேட்கிறது. நிறைய மேடையில் கீபோர்டு சத்தம் சொத்தையாக இருப்பதற்கு இதுதான் காரணம். கீபோர்டைக் குறை சொல்வார்கள், பாவம்.

ஒரு முனை ஸ்டீரியோ, மறுமுனை இரண்டு மோனோ பின்னாகப் பிரிகிற ஒய் வயர் வாங்கி, இரண்டு சானலில் போடுங்கள். கீபோர்டின் பின்னால் 'எல்/மோனோ' என்று தனி ஓட்டை இருந்தால் அதில் ஒற்றை மோனோ வயர் போட்டாலே போதும். ஹெட்போன் ஓட்டையில் மட்டும் மோனோ பின்னைச் செருகாதீர்கள், வலது பக்கம் ஷார்ட் ஆகும்.

பஜனைமடம்_கீபோர்டு:

ஒய் வயர் போட்டதும் தகர டப்பா போய்விட்டது அண்ணா. உயிர் வந்த மாதிரி இருக்கிறது. இப்போது வீதிக்கு என்ன வாங்கலாம்?

கோவை_கிடார்:

வீதியில் வாசிக்கிறவனுக்குத் தேவை கரண்ட் வயரிலிருந்து விடுதலை. கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரே வண்டியில் அரை மீட்டர் வயர் இருந்தால் உங்களுக்கு என்ன குறை? ஆகவே பேட்டரியில் ஓடி, 6.35 எம்.எம். ஓட்டை உள்ள பெட்டி வேண்டும். ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் ஈ.எக்ஸ். 8 பென்சில் பேட்டரியில் 50 வாட்ஸ் கொடுக்கும். போஸ் எஸ்1 ப்ரோ சுமார் 7 கிலோ, உள்ளேயே மூன்று சானல் மிக்சர். தெருவில் பாடுகிறவர்கள் இந்த இரண்டையும் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே உங்கள் 15,000-க்குள் வராது.

மைக்செட்_மன்னார்குடி:

அந்தப் பணத்துக்கு ட்ராலி ஸ்பீக்கர்தான். 12 அல்லது 15 இஞ்ச், உள்ளே 12 வோல்ட் பேட்டரி. கனம்தான், ஆனால் உங்களிடம் வண்டி இருக்கிறதே. அதோடு வரும் கார்ட்லெஸ் மைக் பெரும்பாலும் புளூடூத் இல்லை, ரேடியோ. அதில் தாமதம் வராது, அக்காவுக்குக் கொடுங்கள்.

பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத்தைக் காட்டுகிற விளம்பரக் கணக்கு) 1,000 வாட்ஸ் என்று ஒட்டியிருந்தால் நம்ப வேண்டாம், ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கிற வாட்ஸ், எத்தனை என்று கேளுங்கள். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும், அதனால் 30-க்கும் 40-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டு ஹாலில் அதிர்ந்தது வீதியில் அடங்கிவிடும், சுற்றிச் சுவர் கிடையாது, திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பெரிய கோன்தான் (ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு) அங்கே பேசும்.

கடைக்கு கீபோர்டைத் தூக்கிக்கொண்டே போங்கள். வயர் போட்டு, எக்கோ குமிழை முழுக்க மூடி, துரித நாமாவளியை வாசியுங்கள். சில பெட்டியில் மைக் ஓட்டை வழியாகப் போகிற சத்தத்துக்கு எக்கோவை முழுக்க நீக்கவே முடியாது. அந்தப் பெட்டி வேண்டாம்.

பஜனைமடம்_கீபோர்டு:

சனிக்கிழமை கும்பகோணம் போகிறோம், மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டு. ஒன்றே ஒன்று: மார்கழிப் பனியில் இதெல்லாம் தாங்குமா?

மைக்செட்_மன்னார்குடி:

புளூடூத் ஸ்பீக்கரில் ஐ.பி.67 (தூசி, தண்ணீர் புகாத காப்பு) என்று போட்டிருந்தால் அதற்குப் பனி ஒன்றுமே இல்லை. கீபோர்டுக்கும் ட்ராலிக்கும் அந்தக் காப்பு கிடையாது. வண்டிக்கு மேலே ஒரு தார்ப்பாய் பந்தல் கட்டுங்கள், ஸ்பீக்கர் முகத்தை மட்டும் திறந்து விடுங்கள். வீடு வந்ததும் உடனே உறையில் போட்டு மூடாதீர்கள், வெயில் ஏறும்வரை திறந்து காயட்டும். பேட்டரியை அன்றே சார்ஜ் போடுங்கள். 12 வோல்ட் லெட் ஆசிட் என்றால் இறங்கிய நிலையில் விட்டுவைக்கவே கூடாது, தை பிறந்த பிறகும் மாதம் ஒருமுறை ஏற்றி வையுங்கள்.