சன்னல் கதவைத் தாங்குவதற்கு என்ன பெயர்?

குடந்தை:
நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். மேலும் கீழும் நகரும் சன்னலில், தூக்கிய கதவு விட்ட இடத்திலேயே நிற்பதற்காக இரு பக்கமும் மறைவாக ஒன்று இருக்கும். 'சாஷ் பேலன்ஸ்' என்கிறார்கள். பழைய வகையில் கயிறு, கப்பி, சட்டத்துக்குள் தொங்கும் வார்ப்பிரும்புக் குண்டு. இப்போது குழாய்க்குள் முறுக்குக் கம்பியும் வில்லும், அல்லது வெறும் சுருள்வில். நம் பக்கம் கீல் வைத்த கதவுதான் என்பதால் ஆசாரியிடமும் சொல் கிடைக்கவில்லை. இப்போதைக்கு 'சன்னல் வில்' என்று போட்டிருக்கிறேன்.

திருவாரூர்:
வில் வேண்டாம் ஐயா, குண்டு வகையில் வில்லே இல்லையே. வேலையைப் பெயராக்குங்கள். மயிலாடுதுறை போகும் பழைய மீட்டர்கேஜ் வண்டியில் சன்னல் பலகையைத் தூக்கினேன். கொக்கி சரியாக மாட்டாமல் பலகை இறங்கி என் ஆள்காட்டி விரலை நசுக்கிவிட்டது. நகம் கறுத்து விழுந்து புதிதாக முளைத்தது. அப்படி விழாமல் பிடிப்பதுதானே இது? 'கதவுத் தாங்கி' போதும்.

தஞ்சை:
தாங்கி என்றால் என் பாலிடெக்னிக் மாணவர்கள் பந்துத் தாங்கியைத்தான் (பால் பேரிங்) நினைப்பார்கள். 'சமனி' என்போம்.

மயிலாடுதுறை:
சமன் வடசொல் என்று தள்ள ஆள் வரும் என்பதால் முந்திக்கொள்கிறேன். புறநானூறு 6-இல் 'தெரிகோல் ஞமன்ன் போல' என்று வருகிறது. துலாக்கோலின் முள் ஞமன். அந்த ஞமனே சமன் ஆனது என்பது என் துணிபு. ஆனால் எனக்குப் பிடித்தது 'துலா'. கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டினால் வாளி லேசாக ஏறும். இதுவும் அதே வேலைதான். அப்புறம், சன்னல் போர்த்துகீசியச் சொல். பூம்புகார் மாளிகைகளுக்கு 'மான்கண் காலதர்' என்கிறது சிலப்பதிகாரம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'காலதர்த் துலா' என்றால் எவ்வளவு அழகு!

தஞ்சை:
அழகுதான் ஐயா. ஆனால் சன்னலைக் காலதர் என்றால் கடைக்காரர் எதை எடுத்துத் தருவார்? துலாவும் வடமொழிதான், துலாம் மாதத்தின் அதே துலா.

குடந்தை:
ஒவ்வொரு சொல்லையும் கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "புதிய எடைச்சமனி வாங்கும் முன் கதவைக் கண்ணாடியோடு எடை போடுங்கள். 12 கிலோ என்றால் பக்கத்துக்கு 6 கிலோ. பழையதன் நீளத்தை அளந்து, அதில் குத்தியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கச் சமனிகளையும் சேர்த்தே மாற்றுங்கள். வலு குறைந்தால் கதவு சரியும், கூடினால் தானாக மேலேறும்." எடை என்ற சொல் முன்னால் நிற்பதால் எதைப் பார்த்து வாங்குவது என்று வாசகருக்குப் பெயரிலேயே தெரிகிறது. நான்கு பேர் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள். 'எடைச்சமனி' என்றே அனுப்புகிறேன்.

திருவாரூர்:
அனுப்புங்கள். ஆனால் ஒன்று. குண்டு வகையில், மேலும் கீழுமாக இரு கதவுகள் இருந்தால், மேல் கதவுக்குக் குண்டுகளின் எடை கதவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், கீழ்க் கதவுக்குச் சற்றுக் குறைவாக. அப்போதுதான் மேலது மேலேயும் கீழது கீழேயும் பொருந்தி மூடும். வேண்டுமென்றே சமனாக வைக்காத ஒன்றுக்குச் சமனி என்று பெயர் வைக்கிறோம். அடிக்குறிப்பிலாவது 'தாங்கி' இருக்கட்டும் ஐயா.