ஒவ்வொன்றிலும் ஒருவர் என்ற பார்ட்டி ஏன் சீக்கிரம் உடைகிறது? சில மோதல்கள், என் அனுபவம்

மேசையிலோ கணினியிலோ ஆடும் ரோல்-பிளேயிங் சாகச விளையாட்டில் பார்ட்டியில், அதாவது சேர்ந்து போகும் குழுவில், எத்தனை பேர், யார் யார் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும். அடி வாங்க ஒரு ஃபைட்டர், உயிர் கொடுக்க ஒரு கிளெரிக், பூட்டும் பொறியும் பார்க்க ஒரு ரோக், நெருப்பு வீச ஒரு விஸார்ட். 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு வந்தபோது மூன்று கிளாஸ்தான் (பாத்திரத்தின் தொழில் வகை). இன்றைய ரோக்கான தீஃப் அடுத்த ஆண்டு சேர்ந்தது. அப்போது உருவான நால்வர் கூட்டணி இன்றைக்கும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) இருக்கையிலிருந்து பல குழுக்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்ததில் சட்டென்று கவிழும் பார்ட்டி இதுதான்.

ஒரு கல்லறைச் சுரங்கத்தில் நடந்தது. ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், எல்லோரும் மூன்றாம் லெவல், அச்சு அசலாக அந்த நால்வர். எதிரே இருட்டில் ஒளிந்திருந்த சில ஷேடோக்கள், அதாவது நிழல் பேய்கள். பார்க்கச் சாதாரணம், சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடின அளவு) அரைதான். ஆனால் மேஜிக் இல்லாத ஆயுதம் அவற்றின் மேல் பாதிதான் வேலை செய்யும், நெருப்பும் பாதிதான். அவை தொட்டால் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 1 முதல் 4 வரை குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி, டெத் சேவ் (சாவிலிருந்து தப்ப உருட்டும் பகடை) எல்லாம் கிடையாது. இதற்கு மருந்து ரேடியண்ட் (புனித ஒளி) சேதம், இல்லையென்றால் கிளெரிக்கின் டர்ன் அண்டெட் (செத்தும் நடமாடும் அண்டெட்களை விரட்டுவது). இரண்டும் ஒரே ஆளிடம். அந்த ஆள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் சுற்றிலேயே கிளெரிக் விழுந்தார். சரி, எழுப்பலாம் என்றால் எழுப்பத் தெரிந்தவரும் அவரே! ஃபைட்டரின் வாள் பாதி வெட்டு வெட்டியது, ரோக் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தார். ஸ்ட்ரெங்த் 8 வைத்திருந்த விஸார்ட், மேஜிக் மிஸைல் மந்திரத்தை மட்டும் நம்பிப் பின்வாங்கினார். அது ஃபோர்ஸ் (தூய மந்திர விசை) சேதம் என்பதால் குறையாமல் இறங்கியது, அதனால்தான் யாரோ சிலர் வெளியே வந்தார்கள். முதலில் வீழ்ந்தது ஒரே ஒரு ஆள். ஆனால் அவரோடு சேர்ந்து ஹீலிங், ரேடியண்ட், டர்ன் அண்டெட் மூன்றும் போய்விட்டன.

அதே குழு அடுத்த கதைக்கு எடுத்தது பாலடின் (புனித வீரர்), பார்ட் (மந்திரப் பாடகர்), ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி), ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்). தூய டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) இல்லை, தூய ஹீலர் இல்லை, ரோக்கே இல்லை. வெளியிலிருந்து பார்த்த ஒரு நண்பர், இது தேறாது என்றார். ஆனால் கணக்குப் பாருங்கள். பாலடினுக்கு லே ஆன் ஹேண்ட்ஸ், பார்டுக்கும் ட்ரூயிடுக்கும் ஹீலிங் வேர்ட், ரேஞ்சருக்கு குட்பெர்ரி, எல்லாமே குணப்படுத்தும் வித்தைகள். நால்வரில் யார் விழுந்தாலும் தூக்கிவிட இன்னொருவர் எழுந்து நிற்பார். ஹீலிங் வேர்ட் 60 அடி தூரத்திலிருந்தே போடலாம், போனஸ் ஆக்‌ஷன் (முக்கியச் செயலைத் தொடாத சிறு செயல்) என்பதால் அந்த டர்னும் வீணாகாது. பூட்டுக்கு ரேஞ்சர் பேக்ரவுண்ட் (பாத்திரத்தின் முன்கதை) வழியாகத் தீவ்ஸ் டூல்ஸ் எடுத்துக்கொண்டார், முடிந்தது. கதையில் இவர்களுக்கும் அண்டெட் கூட்டங்கள் வந்தன. பார்ட் சாய்ந்த இரவில்கூட யாரும் கலங்கவில்லை. ட்ரூயிட் ஒரு சொல் சொன்னார், பார்ட் எழுந்து உட்கார்ந்தார், ஆட்டம் தொடர்ந்தது.

அதனால் கிளாஸ் பேலன்ஸ் என்று யாராவது சொன்னால், எத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் எண்ணுவதில்லை. முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் யார் என்றுதான் கேட்பேன்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். இது கிளாஸைவிடப் பெரிய விஷயம், ஏனென்றால் ஒரு சுற்றில் யார் எத்தனை முறை செயல்படுகிறார்கள் என்பதுதான் பாதிச் சண்டையை முடிவு செய்கிறது. 2014 டிஎம் கையேட்டில் இருந்த கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஓகரின் (பெரிய அரக்கனின்) மதிப்பு 450 எக்ஸ்பி, அதாவது வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி. ஒரு காப்ளின் (குட்டிப் பூதம்) 50, ஒன்பது காப்ளின் சேர்ந்தால் அதே 450. ஆனால் ஏழு முதல் பத்து எதிரிகள் வந்தால் சண்டையின் கடினத்தை அளக்க 2.5-ஆல் பெருக்கச் சொல்கிறது அந்தப் புத்தகம், 1125 ஆகிவிடும். மூன்றாம் லெவலில் இருக்கும் நால்வருக்கு அந்த ஓகர் லேசான சண்டை, அந்தக் காப்ளின் கூட்டமோ கடினம் என்ற வரிசையில் சேர்கிறது. ஓகர் ஒரு சுற்றில் ஒரு முறை ஓங்குவான், பாதி நேரம் தவறவிடுவான். காப்ளின்களுக்கு ஒன்பது அம்பு.

பார்ட்டியில் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் பெருக்கலை ஒரு படி ஏற்றவும், ஆறும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு படி இறக்கவும் அதே கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்காமல் அச்சிட்ட சாகசத்தை அப்படியே இரண்டு பேருக்கு நடத்தும் டிஎம்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

ஆள் குறைவாக இருந்து, வேலைகளும் குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ட்ரோல் என்ற அரக்கனின் கதை ஒன்று. ஃபைட்டர், ரோக், ஆயுதம் தவிர எதையும் நம்பாத ஒரு ரேஞ்சர், மூவர் மட்டும். மூவரும் நன்றாக அடிப்பவர்கள். 2014 விதிகளில் ட்ரோலுக்கு 84 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் 10 திரும்ப வரும். தீயோ ஆசிடோ பட்டால்தான் அது நிற்கும். விழுந்த ட்ரோல் மறுபடி எழுந்ததும் மேசையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. வெட்டுகிறார்கள், விழுகிறது, எழுகிறது. கடைசியில் ரோக்தான் கையிலிருந்த தீப்பந்தத்தைப் பார்த்தார். அதால் அடித்தால் 1 பாயிண்ட் தீச் சேதம். ஒன்றே ஒன்று! ஆனால் ட்ரோலின் மீட்சியை நிறுத்த அது போதும். அதன்பின் ஒருவர் பந்தம், இருவர் வாள் என்று பிரித்துக்கொண்டு முடித்தார்கள். மூன்று பேர் பார்ட்டி என்றால் ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயர் (தீப்பிடிக்கும் திரவம்) குப்பியோ ஆசிடோ பையில் இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கும் குப்பியும் ஒரு கிளாஸ் மாதிரிதான். விலை 50 கோல்ட், ஆசிட் 25.

அப்படியானால் ஆறு பேர் எடுத்துக்கொள்வதுதானே? வீடியோ கேமில் ஓரளவு சரி, மேசையில் எனக்குப் பிடிக்காது. ஆறு பேர் என்றால் உங்கள் டர்ன் திரும்ப வருவதற்குள் கைபேசியை எடுத்துவிடுவீர்கள். டிஎம்முக்கும் ஆறு பேருக்கு ஈடுகொடுக்க எதிரிகளைக் கூட்ட வேண்டியிருக்கும், சுற்று இன்னும் நீளும். ஒரு டிராகனை மட்டும் தனியாக நிறுத்தினாலோ, அது வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் சேர்ந்து தீர்த்துவிடுவார்கள்.

கணினியில் 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட் ஆறு பேரை அனுமதித்தது. வெட்டவெளியில் ஆறு வில்லாளிகளை வைத்துக்கொண்டு விளையாடிய சுகம் தனி. ஆனால் ஃபயர்வைன் இடிபாடுகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும்: ஒராள் அகலச் சந்து, முன்னால் நிற்பவர் நகர மாட்டார், பின்னால் வருபவர் வேறு வழி தேடி வரைபடத்தின் மறுமுனைக்குப் போய் கோபோல்டுகளிடம் தனியாக மாட்டுவார். எக்ஸ்பியும் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போகும். அதனால் நால்வரோடு போனவர்கள் வேகமாக லெவல் ஏறினார்கள். அந்த விளையாட்டை நான் இப்போதும் நால்வர், சில சமயம் ஐவரோடுதான் ஆடுகிறேன்.

2023-இல் வந்த மூன்றாம் பாகத்தில் நால்வர்தான், எக்ஸ்பி பங்கு கிடையாது, முகாமில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களும் லெவல் ஏறுகிறார்கள். முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 கோல்ட் கொடுத்தால் கிளாஸையே மாற்றிக்கொள்ளலாம். அதனால் அங்கே முதல் நாளே பார்ட்டியைச் செதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அடமண்டைன் ஃபோர்ஜ் என்ற உலைக்கூடத்தில் க்ரிம் என்ற உலோகக் காவலன் வந்து நிற்கும்போது தெரியும். லாவாவில் சூடேறினால்தான் அதன் மேல் எதுவும் இறங்கும், அப்போதும் சுத்தியல், கதாயுதம் போன்ற நசுக்கும் அடிதான் இரட்டிப்பாக இறங்கும். நால்வரும் வாளும் வில்லுமாகப் போன ஒரு தோழி, கடைசியாக அடித்தவரைத்தான் க்ரிம் துரத்துகிறது என்று கவனித்து, அதை நடுவில் இழுத்து வந்து உலைச் சுத்தியலையே தலையில் இறக்கினார். பார்ட்டியில் இல்லாததை இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். இதெல்லாம் எந்த கிளாஸ் பட்டியலிலும் வராது.

இரண்டு பேர் மட்டும் என்றால் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 என்ற வீடியோ கேம் பக்கம் போங்கள். அதில் லோன் வுல்ஃப் என்றொரு டாலண்ட் (சிறப்புத் திறன்), தனியாகவோ இருவராகவோ போனால் மட்டும் வேலை செய்யும். அது கொடுக்கும் முதல் பரிசே டர்னுக்கு 2 ஆக்‌ஷன் பாயிண்ட் கூடுதல். ஆள் குறைந்ததற்கு ஈடாகச் செயலைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உருவாக்கியவர்களுக்கு இழப்பு எங்கே என்று தெரிந்திருக்கிறது.

புதிதாகக் குழு சேர்க்கிறவர்களுக்கு என் விருப்பம்: நால்வர், அதில் குறைந்தது இருவர் ஹீலிங் தெரிந்தவர்கள், இருவர் முன்னால் நின்று அடி தாங்குபவர்கள், ஒருவருக்காவது தீ. ஒரே ஆள் இரண்டு பட்டியலிலும் வரலாம், பாலடின் அப்படித்தான். பேசிச் சமாளிக்கக் கரிஸ்மா உள்ள ஒருவர் இருந்தால் பாதிச் சண்டை வராமலே போகும், அது தனிக்கதை. மூவர்தான் கிடைத்தார்கள் என்றால் பாலடின், பார்ட், ட்ரூயிட் எடுத்துப் பாருங்கள். ஐந்தாவதாக ஒருவர் சேர வந்தால் தாராளமாகச் சேருங்கள், அவருக்குப் பிடித்த கிளாஸையே எடுக்கட்டும், இன்னொரு ரோக் என்றாலும் பரவாயில்லை. ஆறாவது ஆள் வந்தால் நான் இரண்டாவது மேசை போட்டுவிடுவேன்.